லிங்காட் பிடிக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சான் டியாகோவிலிருந்து வான்கூவர் வரை மேற்குக் கரையில் குடியிருக்கும் தமிழர்கள் வார இறுதியில் மீன்பிடிப் படகு ஏறுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. லிங்காட் விஷயத்தில் கை நழுவும் இடங்கள் இரண்டு: மீன் மேலே வரும்போது கடைசி ஆறடித் தண்ணீர், படகில் ஏறியபின் முதல் அரைமணி நேரம். அந்த இரண்டுக்குமான பதில்கள்தான் கீழே நீளமாக இருக்கும். சட்டம் சார்ந்த எண்கள் ஆண்டுக்காண்டு மாறும், சில வருடம் சீசன் நடுவிலேயே மாறும். கிளம்புவதற்கு முந்தின நாள் அந்த மாநில மீன்வளத் துறையின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. லிங்காட்னா என்ன மீன்? காட் வகையா? நம்ம ஊர் மீன்ல எதுக்குப் பக்கத்துல வரும்?

பெயரில் மட்டும்தான் காட். இது கிரீன்லிங் குடும்பத்தைச் சேர்ந்தது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில், அலாஸ்கா முதல் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா வரை மட்டுமே வாழ்கிறது. ஐந்தடி வரை வளரும். தூண்டிலில் பிடித்த உலக சாதனை 82 பவுண்டு 9 அவுன்ஸ். 2007இல் அலாஸ்காவின் ஹோமர் ஊரில் பிடிபட்டது. பொதுவாகக் கைக்குக் கிடைப்பது 5 முதல் 15 பவுண்டு.

நம் மீன்களில் கலவாவை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் போலவே பாறை இடுக்கில் பதுங்கியிருந்து பாயும். சதையும் வெள்ளையாக, கெட்டியாக, பெரிய இதழ்களாகப் பிரியும். வஞ்சிரம் மாதிரி எண்ணெய்ப் பசை இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். சமையலில் இது எங்கே முக்கியமாகிறது என்பது கேள்வி 19இல்.

2. எங்கே, எந்த மாசத்துல கிடைக்கும்?

அடித்தளம் பாறையாக இருக்க வேண்டும். மணலும் சேறும் உள்ள இடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் வீண். 60 அடி முதல் 300 அடி வரை ஆழமுள்ள பார்கள் (கடலடிப் பாறைத் திட்டுகள்), நீருக்கடியில் முட்டிக்கொண்டு நிற்கும் குன்றுகள், பாறை முடிந்து மணல் தொடங்கும் விளிம்புகள் இவைதான் அதன் இடம். கலிஃபோர்னியாவில் ஃபாரலான் தீவுகள் (எமரிவில், ஹாஃப் மூன் பே துறைகளிலிருந்து படகு கிளம்பும்), மாண்டரே, மோரோ பே, ஃபோர்ட் பிராக். ஓரிகனில் நியூபோர்ட், டெப்போ பே, கரிபால்டி. வாஷிங்டனில் வெஸ்ட்போர்ட், நீயா பே. கனடாவில் டோஃபினோ, யூக்ளூலெட், ஹைடா குவாய். அலாஸ்காவில் சிட்கா, சீவர்ட், ஹோமர்.

காலம் இடத்துக்கு இடம் மாறும். கலிஃபோர்னியாவில் ஆண்டின் முதல் மூன்று மாதம் படகிலிருந்து பிடிக்கப் பொதுவாகத் தடை. வாஷிங்டனின் வெளிக்கடலில் மார்ச் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை. சியாட்டிலை ஒட்டிய உள்கடலான ப்யூஜெட் சவுண்டுக்குள் மே 1 முதல் ஜூன் 15 வரை மட்டும். இந்தத் தடைகளுக்குக் காரணம் இனப்பெருக்கம்: டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், ஆண் மீன் வாரக்கணக்கில் அந்த முட்டைக் கட்டியைக் காவல் காக்கும். காவலில் இருக்கும் ஆணைத் தூக்கிவிட்டால் சுற்றியுள்ள மீன்கள் முட்டைகளைத் தின்று தீர்த்துவிடும்.

3. லைசென்ஸ் வேணுமா? பசங்களுக்கும் எடுக்கணுமா?

வேண்டும். கலிஃபோர்னியாவில் 16 வயதிலிருந்து, வாஷிங்டனில் 15லிருந்து, ஓரிகனில் 12லிருந்து. "படகுக்காரர் லைசென்ஸ் வைத்திருப்பார், அது போதும்" என்பது தவறு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டும். பல படகு அலுவலகங்களிலேயே ஒருநாள் லைசென்ஸ் விற்பார்கள். லைசென்ஸ் தேவைப்படாத குழந்தைக்கும் எண்ணிக்கை, நீளக் கட்டுப்பாடுகள் உண்டு.

4. எத்தனை வெச்சுக்கலாம்? எவ்வளவு நீளம் இருக்கணும்?

கலிஃபோர்னியாவிலும் ஓரிகனிலும் ஆளுக்கு நாளொன்றுக்கு 2, குறைந்தது 22 அங்குலம் என்பதுதான் நெடுநாளாகப் பழக்கத்தில் இருக்கும் அளவு. ப்யூஜெட் சவுண்டில் ஒன்றே ஒன்று. அதுவும் 26க்கும் 36க்கும் இடைப்பட்ட அங்குலத்தில் இருக்க வேண்டும். அதாவது அங்கே பெரிய மீனையும் விட்டாக வேண்டும். அலாஸ்காவின் ஹோமர் பக்கம் குறைந்தபட்ச நீளமே 35 அங்குலம்.

வாயை மூடி, மீனைப் பலகையில் தட்டையாகக் கிடத்தி, தாடை நுனியிலிருந்து வால் நுனி வரை அளக்க வேண்டும். வளைந்த மீனின் மேல் டேப்பைப் படர விட்டு அளந்தால் அரை அங்குலம் கூடுதலாகக் காட்டும். அபராதம் அந்த அரை அங்குலத்தில்தான் வரும். கரை சேரும்வரை மீனை முழுசாகவே வையுங்கள். கடலிலேயே துண்டு போடத் தனி விதிகள் உண்டு. நீளம் தெரியாதபடி வெட்டிவிட்டால் அதுவே குற்றம்.

5. முதல் தடவையா பார்ட்டி போட்ல (பலரும் காசு கொடுத்துச் சேர்ந்து போற மீன்பிடிப் படகு) போறேன். என்னெல்லாம் எடுத்துட்டுப் போகணும்?

ராட், ரீல் இரண்டும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். முதல் பயணத்துக்கு வாங்கவே வேண்டாம். நீங்கள் எடுத்துப் போக வேண்டியது உடை. ஜூலை மாதத்திலும் ஃபாரலான் பக்கம் பற்கள் கிட்டிக்கும். அங்கே கடல் நீர் கோடையிலும் 10 முதல் 14 டிகிரி செல்சியஸ்தான். உள்ளே கம்பளி, மேலே நீர் ஏறாத ஜாக்கெட்டும் பேண்ட்டும், காலில் ரப்பர் பூட்ஸ். காட்டன் ஜீன்ஸ் நனைந்தால் கரை சேரும்வரை காயாது.

பெரிய ஐஸ் பெட்டியைக் காரிலேயே வைத்துவிடுங்கள். படகில் அதற்கு இடமிருக்காது. பிடித்த மீனை உங்கள் எண் எழுதிய கோணிப்பையில் போட்டு வைப்பார்கள். டெக்ஹேண்ட் எனப்படும் படகு உதவியாளருக்குக் கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதம் அன்பளிப்பு கொடுப்பது வழக்கம். மீன் வெட்டித் தருவதற்குத் தனிக் காசு, எனவே சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதம் நன்றாகத் தாங்கும். பூரி கிழங்கு வேண்டாம், காரணம் அடுத்த பதிலில்.

6. வாந்தி வருமே, என்ன பண்றது?

மெக்லிசின் மாத்திரையை முந்தின இரவு ஒன்று, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன் ஒன்று. குமட்டல் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை. தூக்கம் வரும், வேறு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். காலையில் இரண்டு இட்லி போதும்; எண்ணெய்ப் பலகாரமும் வெறும் வயிறும் இரண்டுமே கெடுதல். அறைக்குள் போய்ப் படுக்காதீர்கள், செல்போனைப் பார்க்காதீர்கள், படகின் பின்பகுதியில் நின்று தொடுவானத்தைப் பாருங்கள். வந்தே தீரும் என்றால் காற்று போகும் திசைப் பக்கம் போய் நில்லுங்கள். எதிர்ப்பக்கம் நின்றவர்களை மற்ற பயணிகள் எளிதில் மறப்பதில்லை.

7. சொந்தமா ராட் செட் வாங்கணும்னா எது வாங்கலாம்?

ஏழு முதல் எட்டடி நீளம், மீடியம் ஹெவி அல்லது ஹெவி. ரீல், மேலே உருளை படுத்திருக்கும் கன்வென்ஷனல் வகை. கனமான ஈயத்தை ஆழத்திலிருந்து நாள் முழுக்கச் சுற்றி எடுக்க இதுதான் வசதி. நரம்பு 50 அல்லது 65 பவுண்டு பிரெய்ட், அதாவது பின்னல் நரம்பு. அதன் நுனியில் 40 முதல் 60 பவுண்டு தங்கூஸ் மூன்று நான்கடி. பிரெய்ட் நீளாது என்பதால் 200 அடி ஆழத்திலும் கடி கையில் தெரியும். ஆனால் பாறையில் உரசினால் சட்டென்று அறுந்துவிடும். தங்கூஸ் அந்த உரசலைத் தாங்குவதற்காக. எஃகுக் கம்பி தேவையில்லை. பல் கூர்மைதான், ஆனால் அது குத்திப் பிடிக்கும் பல். சுறாவைப் போல வெட்டாது.

8. இரை நல்லதா, ஜிக் நல்லதா?

உயிருள்ள இரை கிடைத்தால் அதற்கு ஈடில்லை. அங்கேயே பிடித்த சாண்ட்டாப் எனும் கையளவு தட்டை மீன், ஹெர்ரிங், சிறிய கிரீன்லிங் இவற்றை (அந்த இடத்தில் அனுமதி இருந்தால்) கீழ்த்தாடை வழியாக மேலே கொக்கி போட்டு இறக்கலாம். கணவாயும் போகும், ஆனால் சில்லறை மீன்கள் கொத்தித் தின்றுவிடும்.

ஜிக் என்றால், ஈயத்தலையில் செருகிய ஆறு முதல் ஒன்பது அங்குல ரப்பர் மீன், அல்லது நீள உலோகத் துண்டு. எடை 4 முதல் 16 அவுன்ஸ். "எத்தனை அவுன்ஸ்?" என்று கடையில் கேட்பதைவிட, அடி தொடுவது கையில் தெரியும் அளவுக்கு எவ்வளவு குறைவாகப் போட முடியுமோ அவ்வளவு போடுங்கள். நீரோட்டம் கூடினால் எடையைக் கூட்டுங்கள். ஜிக்குக்கு இரண்டடி மேலே ஒரு சின்ன இறகுக் கொக்கி கட்டினால் அதே பாறைகளில் வாழும் ராக்ஃபிஷ் எனும் மீனும் சேர்ந்து வரும். கலிஃபோர்னியாவில் ஒரு நரம்பு, இரண்டு கொக்கி வரைதான் என்பது நினைவிருக்கட்டும்.

நிறத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள். 150 அடிக்குக் கீழே சிவப்பு எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். அசைவும், அடியிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும்தான் கணக்கு.

9. என் ஜிக் எல்லாம் பாறையில மாட்டிப் போயிடுது. ஒரே நாள்ல ஆறு ஜிக் போச்சு.

ஜிக் அடியைத் தொட்டதும் அங்கேயே கிடக்க விடுகிறீர்கள், படகோ நகர்ந்துகொண்டிருக்கிறது. கிடக்கும் ஜிக் பாறை இடுக்கில் இழுபடுகிறது. தொட்ட நொடியே ரீலை இரண்டு சுற்று சுற்றி மேலே தூக்குங்கள். பிறகு ராடை இரண்டு மூன்றடி உயர்த்தி, நரம்பு தளராதபடி மெல்ல இறக்குங்கள். கடி பெரும்பாலும் இறங்கும்போதுதான் விழும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை அடியைத் தொட்டுப் பாருங்கள், ஏனென்றால் கீழே பார் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நரம்பு 45 டிகிரிக்கு மேல் சாய்ந்துவிட்டால் முழுதும் சுற்றி எடுத்துப் புதிதாக இறக்குங்கள். சாய்ந்த நரம்பில் ஜிக் குதிக்காது, உழும்.

மூன்று முனைக் கொக்கியை எடுத்துவிட்டு ஒற்றைக் கொக்கி போட்டால் பாறையில் சிக்குவது வெகுவாகக் குறையும். ஓதம் திரும்பும் நேரம், அதாவது நீரோட்டம் அடங்கும் அந்த ஒரு மணி நேரம் முன்னும் பின்னும், ஜிக் நேராக இறங்கும்; மீனும் அப்போதுதான் சுறுசுறுப்பு. மாட்டியே விட்டால் ராடை வளைத்து இழுக்காதீர்கள், ஒடியும். நரம்பைக் கையில் சுற்றாதீர்கள், பிரெய்ட் விரலை எலும்புவரை அறுக்கும். ஒரு மரக்கட்டையில் நாலு சுற்றுச் சுற்றி, படகு நகரும் வேகத்தில் அறுபட விடுங்கள்.

10. டொக்குனு அடிச்சது. ராடைச் சுண்டி இழுத்தேன், ஒண்ணும் இல்ல. ஏன்?

லிங்காட் முதலில் இரையைக் குறுக்காகக் கவ்வும், பிறகுதான் திருப்பி விழுங்கும். உயிர் இரை போட்டிருந்தால் கடித்ததும் மூன்று நான்கு நொடி பொறுத்து, கனம் நிலையாகத் தெரிந்ததும் சுண்டாமல் அழுத்தமாகச் சுற்றுங்கள். ஜிக் என்றால் பொறுக்க வேண்டாம், உடனே சுற்றலாம்.

அடுத்த பத்தடிதான் முக்கியம். கொக்கி பட்டதும் அது திரும்பத் தன் பொந்துக்குள் போகப் பார்க்கும். அதற்குள் மேலே எடுத்துவிடுங்கள். அதன்பிறகு நிதானம் போதும்.

11. சின்ன ராக்ஃபிஷ் வந்துட்டு இருந்தது. பாதி வழியில திடீர்னு கல்லு கட்டின மாதிரி ஆயிடுச்சு. மாட்டிக்கிச்சா?

மாட்டவில்லை. உங்கள் ராக்ஃபிஷை ஒரு லிங்காட் கவ்விக்கொண்டிருக்கிறது. கொக்கி அதன் வாயில் இல்லை. பிடிவாதம் மட்டுமே அதைத் தொங்க வைத்திருக்கிறது. மேற்குக் கரையில் இதற்கு ஹிட்ச்ஹைக்கர் என்று பெயர். நாளின் பெரிய மீன் இப்படித்தான் வரும் என்பது படகுகளில் சகஜம்.

சுண்டாதீர்கள், நிறுத்தாதீர்கள், ராடை ஏற்றி இறக்காதீர்கள். ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே டெக்ஹேண்டைச் சத்தமாகக் கூப்பிடுங்கள். மேலே வந்ததும் செய்ய வேண்டியது அடுத்த பதிலில் உள்ளதேதான், இன்னும் கூடுதல் கவனத்தோடு.

12. படகு கிட்ட வரைக்கும் வந்துட்டு விட்டுட்டுப் போயிடுது. எல்லாருக்கும் இப்படியா?

லிங்காட் ஆழத்திலிருந்து வரும்போது பெரிதாகப் போராடாது. வெளிச்சமும் படகின் நிழலும் கண்ணில் பட்ட பிறகுதான் தலையை உலுக்கும். தலை தண்ணீருக்கு வெளியே வந்த நொடியில் வாயைத் திறந்து இரண்டு உலுக்கு உலுக்கினால் கனமான ஜிக் கழன்று பறக்கும். அது பக்கத்தில் நிற்பவர் முகத்திலும் படலாம்.

எனவே தலையை மேலே தூக்கிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். மீன் நிழலாகத் தெரிந்ததும், மேற்பரப்புக்கு இரண்டு மூன்றடி கீழேயே நிறுத்திவையுங்கள். கைவலை முன்பே தண்ணீருக்குள் இருக்க வேண்டும். தலைப்பக்கம் வலைக்குள் நுழையும்படி மீனை வலைக்கு மேலே நடத்துங்கள், பிறகு வலையை உயர்த்தலாம். வாலிலிருந்து வலை போட்டால் பட்டவுடன் முன்னே பாய்ந்துவிடும். ஹிட்ச்ஹைக்கர் என்றால் வலை முழுதும் அதன் கீழே போன பிறகே தூக்குங்கள்.

கொக்கித்தடியைப் பொறுத்தவரை, நீளம் நிச்சயமாகச் சட்டத்துக்கு உட்பட்டது என்று தெரிந்தால் மட்டுமே. 22 அங்குலமா 21ஆ என்று சந்தேகமுள்ள மீனைக் குத்திவிட்டுத் திருப்பி விட முடியாது.

13. பல்லு பயங்கரமா இருக்கே. கொக்கியைக் கையால எடுக்கலாமா?

வேண்டாம். வாயில் ஐந்நூறுக்கும் மேல் பற்கள் இருக்கும், எல்லாமே ஊசி. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, லிங்காட் நாளொன்றுக்குச் சராசரியாக 20 பற்களை உதிர்த்துப் புதிதாக முளைக்க வைக்கிறது. மழுங்கிய பல் என்று ஒன்று அதற்குக் கிடையாது.

நீள மூக்குக் குறடு கட்டாயம். தூக்க வேண்டுமானால் தடித்த கையுறை போட்டுச் செவுள் மூடியின் ஓரத்துக்குள் மட்டும் விரல் நுழையுங்கள். உள்ளே போனால் செவுள் வளைவிலும் முள்ளுண்டு. விடப் போகிற மீன் என்றால் அங்கேயும் கை வைக்காமல், ஒரு கை தாடைக்கு வெளியே, ஒரு கை வயிற்றுக்கு அடியில்.

14. அளவு பத்தாத மீனைத் திருப்பி விட்டா பிழைக்குமா? ராக்ஃபிஷ் மாதிரி வயிறு ஊதிக்காதா?

லிங்காட்டுக்குக் காற்றுப்பை இல்லை. 300 அடியிலிருந்து ஏற்றினாலும் ஊதாது. கையை நனைத்துக்கொண்டு, செவுளைத் தொடாமல், ஒரு நிமிடத்துக்குள் விட்டுவிட்டால் நேராகக் கீழே போய்விடும்.

ராக்ஃபிஷ் வேறு கதை. அதற்குக் காற்றுப்பை உண்டு; கண் பிதுங்கி மிதக்கும். பிடிக்கவே கூடாத எல்லோஐ போன்ற வகைகள் வந்தால், எடை கட்டிய இறக்குக் கருவியில் மாட்டி ஆழத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும். கலிஃபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் மூன்றிலும் அந்தக் கருவி படகில் இருப்பது கட்டாயம். சொந்தப் படகுக்காரர்கள் இதை மறந்துதான் மாட்டுகிறார்கள்.

15. பெரிய மீனை விடணும்னு சிலர் சொல்றாங்க. காசு கொடுத்துப் போய்ப் பெரிசை விடுறதா?

சட்டம் அனுமதித்தால் வைத்துக்கொள்வது உங்கள் உரிமை. ஆனால் 20 பவுண்டுக்கு மேற்பட்டது ஏறக்குறைய எப்போதும் பெண் மீன்தான். ஆண்கள் அவ்வளவு வளர்வதில்லை. ஒரு பெரிய பெண் ஒரு பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டையிடும். இந்த மீன் 1999இல் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டது என்று அறிவிக்கப்பட்டு, கடுமையான கட்டுப்பாடுகளுக்குப் பின் 2005இல் மீண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. இன்று நமக்கு இரண்டு மீன் கிடைப்பதே அதனால்தான்.

ருசிக் கணக்கிலும் 26 முதல் 32 அங்குலம்தான் மேல். கிழட்டு மீனின் சதை நார் நாராக இருக்கும், புழுவும் கூடுதல், பாதரசமும் கூடுதல் (கேள்வி 18, 21). படமெடுத்துவிட்டு விடுவதில் நஷ்டம் எதுவுமில்லை.

16. பிடிச்ச மீனைப் பையில போட்டாச்சு. சாயந்தரம் வெட்டிக்கலாம்தானே?

இங்கேதான் பாதிப் பேர் நல்ல மீனைக் கெடுக்கிறார்கள். வீட்டில் "ஒரு வாடை அடிக்குது" என்றால் குற்றம் மீனில் இல்லை. உடம்பில் தங்கிய ரத்தத்திலும் வெயிலில் கிடந்த கோணிப்பையிலும் இருக்கிறது.

கண்ணுக்குச் சற்று மேலே, தலை உச்சியில் தடியால் ஓங்கி ஒரு அடி. உடனே இரண்டு பக்கமும் செவுள் வளைவுகளைக் கத்தியால் அறுத்துவிடுங்கள். இதயம் துடிக்கும்போதே அறுத்தால்தான் ரத்தம் வெளியேறும். கடல் நீர் நிறைந்த வாளியில் தலைகீழாகப் பத்து நிமிடம். பிறகு ஐஸ். சொந்தப் படகு என்றால் இரண்டு பங்கு ஐஸும் ஒரு பங்கு கடல்நீரும் கலந்த கூழில் முழுதாக அமிழ்த்துங்கள். வெறும் ஐஸ் கட்டி மேல் வைப்பதைவிட இது பல மடங்கு வேகமாகக் குளிர்விக்கும். நல்ல தண்ணீர் ஐஸ் உருகி அதில் வெட்டிய சதை ஊறக் கூடாது, சொதசொதப்பாகிவிடும். பார்ட்டி போட்டில் டெக்ஹேண்டிடம் "ரத்தம் எடுத்துக் கொடுங்கள்" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், மறுக்க மாட்டார்கள். பையை நிழலில் வைத்து அவ்வப்போது கடல்நீர் ஊற்றுங்கள்.

17. வெட்டிப் பார்த்தா சதை நீலப்பச்சையா இருக்கு! கெட்டுப் போச்சா, விஷமா?

இரண்டுமில்லை. ஐந்தில் ஒரு லிங்காட் இப்படி இருக்கும், பெண் மீன்களில் அதிகம். சிலது லேசான பச்சை, சிலது நீல மை கொட்டியது போல வாய்க்குள்ளும் நீலம். பிலிவெர்டின் என்ற பித்த நிறமியால் வரும் நிறம் அது. சூடு பட்டால் மறைந்து, வழக்கம்போல வெள்ளையாகிவிடும். ருசியில் வித்தியாசம் கிடையாது. விருந்தாளிக்கு வறுக்கும் முன்னால் காட்டுங்கள், பிறகு காட்டினால் நம்ப மாட்டார்கள்.

18. சதையில சின்னப் புழு இருந்தது. தூக்கிப் போட்டுடணுமா?

பாறை மீன்களில் உருளைப் புழு சகஜம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துக் கத்தி நுனியால் எடுத்துவிட்டுச் சமைக்கலாம். உள்வெப்பம் 63 டிகிரி செல்சியஸ் (145 ஃபாரன்ஹீட்) தொட்டால் புழு செத்துவிடும். நம் குழம்பும் வறுவலும் அதைத் தாண்டியே போகும்.

பச்சையாகவோ, எலுமிச்சையில் ஊறவைத்தோ சாப்பிட நினைத்தால் வேறு விதி. எலுமிச்சைச் சாறு புழுவைக் கொல்லாது. மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஏழு நாள் உறைந்திருக்க வேண்டும். வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் மைனஸ் 18இல்தான் நிற்கும், கதவு திறக்கும்போது அதுவும் ஏறும். எனவே வீட்டில் உறைய வைத்ததைப் பச்சையாகத் தொடாதீர்கள்.

19. குழம்புல போட்டா உடைஞ்சு போகுது, வறுத்தா தண்ணி விடுது. வஞ்சிரம் மாதிரி வரவே மாட்டேங்குது.

முதல் காரணம் அவசரம். பிடித்த அன்றே சமைத்தால் சதை ரப்பராக இழுக்கும். ஃபில்லேயைத் துடைத்து, தாளில் சுற்றி, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் ஒரு நாள் வையுங்கள். இரண்டாவது, மஞ்சள் உப்புத் தண்ணீரில் ஊற விடுவது. ஒரு அலசு போதும். உடனே தாளால் ஒற்றியெடுங்கள். வஞ்சிரத்தின் எண்ணெய் தண்ணீரைத் தள்ளும், இதில் அந்த எண்ணெய் இல்லை, சதை தண்ணீரைக் குடித்துக்கொள்ளும்.

வறுவலுக்கு, ஒரு கிலோவுக்கு முக்கால் அங்குலக் கனத்தில் துண்டுகள். முதலில் உப்பு மட்டும் தடவிப் பதினைந்து நிமிடம் வைத்து, கசியும் நீரைத் துடையுங்கள். பிறகு மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, அரை எலுமிச்சை, அரிசி மாவு இரண்டு மேசைக்கரண்டி. அரை மணி நேரத்துக்கு மேல் ஊற வேண்டாம். நன்றாகக் காய்ந்த இரும்புக் கல்லில் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம், ஒரே ஒருமுறை திருப்பி.

குழம்புக்கு, புளியும் மசாலாவும் கொதித்து எண்ணெய் மிதந்த பிறகே மீன். இரண்டங்குலக் கனத் துண்டுகளாகப் போட்டு, சிறு தீயில் ஆறேழு நிமிடம். கரண்டி விடாமல் சட்டியைச் சுழற்றுங்கள். இறக்கியபின் ஒரு கரண்டி நல்லெண்ணெய்; மீனில் இல்லாத கொழுப்பை அது ஈடு செய்யும். தேங்காய்ப்பாலும் பொருந்தும். வால் பக்கமும் வயிற்றோரமும் மெலிந்த பகுதிகள், குழம்பில் கரைந்துவிடும். அவற்றை வேகவைத்து உதிர்த்து, சுறாப் புட்டு செய்வது போலவே புட்டு செய்யுங்கள். லிங்காட்டை வைத்து நம் சமையலில் செய்யக்கூடியதில் அதுதான் முதலிடம் என்று துணிந்து சொல்லலாம்.

20. 10 பவுண்டு மீன், கையில மூணரை பவுண்டுதான் தேறுச்சு. வெட்டினவர் ஏமாத்திட்டாரா?

இல்லை, அவ்வளவுதான் தேறும். தலை அவ்வளவு பெரியது. மூன்றில் ஒரு பங்கு சதை கிடைத்தால் நல்ல வெட்டு. ஆனால் வெட்டும் மேடையில் தலையைக் கடற்பறவைகளுக்கு எறிவார்கள். "தலையும் கழுத்துப் பகுதியும் எனக்கு வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கன்னத்தில் இரண்டு உருண்டைச் சதை இருக்கும், மீனிலேயே அதுதான் சிறந்தது. கழுத்துத் துண்டை எலும்போடு வறுக்கலாம். தலையைப் பிளந்து செவுளை முழுதாக நீக்கிக் குழம்பு வையுங்கள். செவுளை விட்டால் கசக்கும். ஈரல் வேண்டாம், வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கும்.

21. கர்ப்பமா இருக்கேன், குழந்தைக்கும் கொடுக்கணும். சாப்பிடலாமா?

மற்ற மீன்களைத் தின்று பல ஆண்டு வாழும் மீன் என்பதால் பாதரசம் சேரும், வயதான பெரிய மீனில் அதிகம். சிறிய மீனிலிருந்து எடுத்த துண்டாகப் பாருங்கள். வாரம் எத்தனை முறை என்பதை உங்கள் மாநில சுகாதாரத் துறை இடவாரியாக வெளியிடும் அளவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெளிக்கடல் மீனுக்கும் நகரத்தை ஒட்டிய விரிகுடா மீனுக்கும் அளவு வேறு.

22. ஃப்ரீசர்ல எத்தனை மாசம் தாங்கும்?

காற்று நீக்கி உறையிட்டால் ஆறு மாதம், சாதாரணப் பையில் இரண்டு. உறைய வைக்கும்முன் ஈரத்தைத் துடையுங்கள். ஒரு வேளைக்கு வேண்டியதை ஒரு பையாகப் போட்டுத் தேதி எழுதுங்கள். உருக்குவது ஃப்ரிட்ஜில், இரவு முழுக்க. பையைக் கத்தரித்து வைத்து உருக்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் உருக்கினால் கேள்வி 19இல் சொன்ன தண்ணீர்ப் பிரச்சினை திரும்பி வரும்.

23. நிறைய கிடைச்சுது. தெரிஞ்ச ஹோட்டல்காரர் காசு தரேங்கிறார், கொடுக்கலாமா? பக்கத்து வீட்டுக்கு?

காசுக்கு விற்கவே கூடாது; பொழுதுபோக்கு லைசென்ஸில் பிடித்த மீனை விற்பதும் வாங்குவதும் இரண்டுமே குற்றம். சாப்பாட்டுக்குப் பதில் மீன் என்கிற பண்டமாற்றும் அதில் சேரும். பக்கத்து வீட்டுக்குச் சும்மா கொடுக்கலாம். கொடுத்துவிட்டதால் உங்கள் அன்றைய எண்ணிக்கை குறைந்துவிடாது. காலையில் இரண்டைக் கொடுத்துவிட்டு மாலையில் இன்னும் இரண்டு பிடிக்கப் போக முடியாது. இன்னொருவருடைய மீனை எடுத்துப் போகிறீர்கள் என்றால் பிடித்தவர் பெயர், லைசென்ஸ் எண், தேதி, எத்தனை மீன் என்று ஒரு சீட்டு எழுதி வாங்கிப் பெட்டிக்குள் போட்டுக்கொள்ளுங்கள். வழியில் அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்தால் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.